படம் 6.31

வண்ணார்பேட்டையில் மூன்றாம் மாடி.
கீழே பரோட்டாக் கல்லை அணைக்கிற நேரத்தில்
எங்கள் ஷிஃப்ட் ஏறும்.
வெளிநாட்டுக் கணக்குப் புத்தகங்களுக்குப்
பக்கம் கட்டுகிற சோலி.
புரிய வேண்டியதில்லை.
அடைப்புக்குறி மூடியிருக்கிறதா,
சிக்மாவின் காலடியில் எண் நிற்கிறதா,
பார்த்தால் போதும்.

ஆடி மாதம் எனக்கு விழுந்தது
வில்மா ஹார்ட்ஸல், தொகுப்புக் கட்டுரைகள்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எல்லாம் முடிச்சு.
கணக்கில் முடிச்சுக்கு நுனி கிடையாது என்பதே
முன்னுரை தட்டும்போதுதான் தெரிந்தது.
கயிற்றைச் சிக்கலாக்கி
இரு நுனியையும் ஒட்டிவிட வேண்டும்.
பிறகு கேட்க வேண்டும்:
அறுக்காமல் இது வெறும் வளையமாகுமா?
ஐம்பது வருஷம் அதையே கேட்டிருக்கிறாள்.

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்காரர் மகள்.
கணவன் வாத்தியாராக இருந்த கல்லூரியில்
மனைவிக்கு வேலை தரக் கூடாதென்று விதி.
பத்தொன்பது வருஷம்
மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களோடு ஒரு மேசை;
சம்பளம் இல்லை.
கட்டுரைகளில் முதலெழுத்து மட்டும் போட்டாள்.
"அன்புள்ள ஐயா" என்றே பதில்கள் வந்தன.
கை நடுங்கத் தொடங்கிய பின்
கம்பளி நூலில் முடிச்சிட்டுத்
தடவித் தடவி எண்ணினாள்.
பிறப்பு 1927, ஒரு சிறு கோடு, பிறகு வெற்றிடம்.
அந்த வெற்றிடம் எனக்குப் பிடித்திருந்தது.

படம் 6.31. பதினொரு குறுக்கு.
மேலே போகும் இழை முழுசாக இருக்கும்;
கீழே போவது அந்த இடத்தில் கொஞ்சம் அறுந்து தெரியும்.
நம்ம ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் மாதிரி:
மேலே பஸ், கீழே பைக்,
அதற்கும் கீழே ரயில்.
இது அவிழவே அவிழாது என்கிறாள் வில்மா.
எனக்கு என்னவோ அவிழும் போலிருந்தது.

டவுன் ரதவீதியில் நீல நைலான் இரண்டு மீட்டர்.
படத்தில் உள்ளபடி போட்டு
நுனிகளைத் தீக்குச்சியில் உருக்கி ஒட்டினேன்.
விரல் சுட்டது.
இழுத்தேன், திருப்பினேன், உதறினேன்.
நாற்பது நிமிஷத்தில் வெறும் வளையம்.

ஏழாவது குறுக்கு.
இடைவெளி தப்பான இழையில் இருக்கிறது.
அரை மில்லிமீட்டர் வெள்ளை.
அவள் கையா, அச்சகத்தான் கையா, தெரியாது.
மஞ்சள் நைலானில் அதை மட்டும் மாற்றிப் போட்டேன்.
இன்றுவரை அவிழவில்லை.

ஆசிரியருக்குக் கேள்வி எண் 14.
பதினாறு நாள் கழித்துப் பதில்:
ஆசிரியர் காலமானார்.
மூலத்தில் உள்ளபடியே விடவும்.
முன்னுரையில் வருஷத்தைச் சேர்க்கவும்.

சேர்த்தேன்.
கோட்டுக்குப் பின்னால் நாலு இலக்கம்,
நடுவிரல் ஒன்றே போதுமாயிருந்தது.
பிறகு 6.31-ஐத் திறந்து
அந்த வெள்ளையை நகர்த்தினேன்.

கேட்காமல் திருத்தினால் அதுவும் பிழைதான்,
பிழைக்கு ஐம்பது ரூபாய்.
சரிபார்ப்பில் முப்புடாதி.
பழைய பக்கத்தின் மேல் புதுப் பக்கத்தைப் படுக்க வைத்தால்
மாறின இடம் சிவப்பாகக் காட்டும்.
"ஏட்டி, இது என்ன?"
நீலத்தை மறுபடி சிக்கலாக்கி
மேசைக்கு அடியில் இரண்டையும் கொடுத்தேன்.
"நீலம் புத்தகம். மஞ்சள் நான்."
டீ ஆறியது. நீலம் திறந்தது.
மஞ்சளைப் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தாள்.
"ஒனக்கு வேற சோலியே இல்லியாட்டி"
என்றபடி
சிவப்புப் புள்ளியை அழுத்தி மூடினாள்.

விடியும்போது பாலத்தின் கீழ்த்தட்டில் ஸ்கூட்டி.
தலைக்கு மேலே வாழைத்தார் லாரி.
புத்தகம் வந்திருக்கும்;
எங்களுக்குப் பிரதி அனுப்புவதில்லை.
மஞ்சள் வளையத்தை
முப்புடாதி இன்னும் திருப்பித் தரவில்லை.